அந்த ரெண்டாவது ஆளு

...ஒரு நாளாவது தொட்டிருப்பாரான்னு கேட்டிருக்கான் சார்! ஓடுற ப்ரோகிராமை ஒரு நாளாவது கையால தொட்டிருப்பாரான்னு! என்னைப் பாத்து! சரி, என்னைப் பாக்கல, என் கட்டுரையைப் பாத்து. பேரை மறைச்சுத்தான் படிச்சுக் கருத்து சொல்றவங்களுக்கு அனுப்புவாங்க. எழுதினது யாருன்னு அவனுக்குத் தெரியாது, திட்டினது யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுங்கற தைரியம் இருந்தா மனுஷன் என்ன வேணா பேசுவான் போல... உக்காருங்க சார், நீங்க உக்காருங்க. ஃபோன்ல எவ்வளவு இருக்கு? நாலா! நாலு சதவீதத்தை வெச்சுக்கிட்டு எங்க எழுந்து போறீங்க? இந்தத் தாழ்வாரம் முழுக்க இருக்கறது ஒரே ஒரு ப்ளக்கு. அதுல என் லேப்டாப் ஒரு பக்கம், உங்க ஃபோன் ஒரு பக்கம். ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம்.

உள்ள ஹால்ல பத்து ப்ளக்கு இருக்கு. பத்தையும் முன் வரிசைப் பசங்க புடிச்சுட்டாங்க. டீ இடைவேளை முடிஞ்சதும் முதல்ல ஒருத்தர் பேசுறாரு, அவருக்கு அடுத்தது நான். பதினஞ்சு நிமிஷம். பதினாலாவது நிமிஷத்துல தலைவர் மேஜை மேல இருக்கற மணியைத் தட்டுவாரு. அதனாலயே அவருக்கு மணியடி வாத்தியார்னு பேரு. நல்ல மனுஷன், ஆனா அந்த மணி சத்தம் இருக்கே, நல்லாப் பேசிட்டிருக்கறவனுக்குக் கூட நாக்கு உள்ள போயிடும். காலையில ஒரு பொண்ணு அறுபது படம் போட்டுக் காட்ட வந்தா. இருபத்திரெண்டாவது படத்துல மணி. பாவம், மிச்ச முப்பத்தெட்டையும் ஒரே மூச்சுல புரட்டினா பாருங்க, சினிமா ஓடின மாதிரி இருந்துச்சு. எங்க எல்லாருக்கும் தலை சுத்திடுச்சு.

என்ன சார்? ...நீங்க இந்த ஒர்க்‌ஷாப்புக்கே வரலையா? பல் டாக்டர்ங்க மாநாடா? மூணாவது மாடியா! அடக் கடவுளே, நான் பாட்டுக்கு நம்மாளுன்னு நெனச்சுப் பேசிட்டிருக்கேன். கழுத்துல அட்டை தொங்குச்சு, முகத்துல தூக்கம் இருந்துச்சு, நம்மாளுதான்னு முடிவு பண்ணிட்டேன். பரவால்ல டாக்டர், ஒண்ணும் தப்பில்ல. எங்க வேலை சுலபமாப் புரியும். இப்ப நீங்க வாயைத் திறக்கச் சொல்லி, எக்ஸ்ரே எடுத்து, எந்தப் பல்லு எப்ப தொந்தரவு குடுக்கும்னு சொல்றீங்கல்ல? அந்த மாதிரி ஒரு ப்ரோகிராமைப் பாத்து அது என்ன செய்யும், எங்க மாட்டும்னு சொல்றது. அது பகுப்பாய்வு. பல்லை ராவி, அடைச்சு, ஆளு பழையபடி மெல்லற மாதிரி பண்றீங்கல்ல? அது உருமாற்றம். செய்யற வேலை மாறக்கூடாது, உள்ள மட்டும் சுத்தமாகணும். இந்த ரெண்டையும் பத்திப் பேச வருஷத்துக்கு ஒரு தடவை நாப்பது பேரு கூடுவோம். நாப்பதுல முப்பத்தொம்பது பேரு காலேஜ் ஆளுங்க. மிச்சம் ஒண்ணு நானு.

நான் படகுத்துறை டாக்டர். டாக்டர்னா உங்களைச் சொன்னேன், நான் படகுத்துறையில வேலை பாக்கறவ. டிக்கெட் கிழிச்சுக் குடுக்கத்தான் சேந்தேன். ஒரு நாள் கவுண்டர் கம்ப்யூட்டர் நின்னு போச்சு, சரி பண்ண வேண்டியவரு வரல, க்யூ ஆத்தங்கரை வரைக்கும் நிக்குது. ஒரு பழைய புத்தகத்தை வெச்சுக்கிட்டு நானே நோண்டினேன். ஓடிடுச்சு! அன்னைக்கு மாட்டினவதான். பதினேழு வருஷமா படகு நேர ப்ரோகிராமுக்குப் பிள்ளைப்பேறு பாக்கறதுலேருந்து சளி புடிச்சாத் தைலம் தடவறது வரைக்கும் நான்தான். எந்தப் படகு எப்பக் கெளம்பணும், எந்தத் துறையில நிக்கணும், எல்லாம் அதுதான் சொல்லும். நாப்பதாயிரம் வரி டாக்டர்! எனக்கு முன்னாடி எட்டுப் பேரு எழுதினது. ஒருத்தன் எழுதினதை இன்னொருத்தன் அழிக்கல, பயம். பக்கத்துல புதுசா ஒண்ணைக் கட்டிட்டுப் போயிட்டான். உள்ள போனா வழி தெரியாது. ஒரு நேரத்தை அஞ்சு நிமிஷம் தள்ளி வைக்கணும்னா எனக்கு மூணு நாள் ஆகும்.

அதுக்குத்தான் துடைப்பம் எழுதினேன். ஆமா, அதான் பேரு. மூணு வருஷம், லீவு நாளெல்லாம் போட்டு எழுதினது. அது என்ன பண்ணும்னா, பழைய நாள் பதிவையெல்லாம் எடுத்து, ப்ரோகிராம்ல எந்தெந்தப் பகுதி ஓடியிருக்கு, எது ஓடவே இல்லைன்னு பாக்கும். பன்னிரண்டு வருஷமா ஒரு தடவை கூட ஓடலையா? அப்ப அது குப்பை. பெருக்கித் தள்ளிடும். நாப்பதாயிரம் பதினெட்டாயிரம் ஆச்சு! பெருக்கின நகலைத் தனியா ஓட்டிப் பாத்தேன், ஒரு மாசம், ஒரு குறை சொல்ல முடியல. நான் சந்தோஷத்துல எங்க மேனேஜர் ரூமுக்கு ஓடினேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "அம்மா, நீங்க பெருக்கினதை நம்பி நான் ஆளை ஏத்த முடியாது. விஷயம் தெரிஞ்சவங்க நாலு பேரு பாத்து, சரின்னு ஒரு புத்தகத்துல போடட்டும். போட்டுட்டாங்கன்னா திங்கக்கிழமையே மாத்திடலாம்"னாரு. அந்தப் புத்தகம் இந்த ஒர்க்‌ஷாப்புக் கட்டுரைங்களைச் சேத்துப் போடற புத்தகம். அந்தத் திங்கக்கிழமை வர்ற திங்கக்கிழமை.

இப்பப் புரியுதா டாக்டர் என் வயித்தெரிச்சல்? கட்டுரையை மூணு பேரு படிச்சாங்க. மொத ஆளு நல்லாருக்குன்னாரு. மூணாவது ஆளும் நல்லாருக்குன்னாரு. நடுவுல இந்த ரெண்டாவது ஆளு! வேணவே வேணாம்னுட்டான். மணியடி வாத்தியார் என்ன பண்ணாரு, "வந்து பேசுங்க. ரெண்டாவது ஆளு கேட்டிருக்கற கேள்விக்கு மேடையில பதில் சொல்லுங்க. பதில் சரியா இருந்தாப் புத்தகத்துல சேக்கறேன், இல்லைன்னா இல்ல"ன்னுட்டாரு. பதினேழு வருஷம் ஒரு பக்கம், எவனோ ஒருத்தன் ஒரு பக்கம்.

என்ன கேட்டான்னா? அது எனக்கு அரைகுறையாத்தான் தெரியும். எங்க நாத்தனார் ஃபோன்ல சொன்னா. கட்டுரையை எழுதி அனுப்பினது அவதான்... இல்ல இல்ல, எழுதினது நான்! திருத்தினது அவ. காலேஜ்ல கணக்கு சொல்லித் தர்றா. நான் படகு, துறை, கயிறுன்னு என் பாஷையில எழுதிக் குடுத்தேன். "அண்ணி, இப்படிப் படகு படகுன்னு எழுதினா உங்களையே படகுல ஏத்தித் திருப்பி அனுப்பிடுவாங்க"ன்னா. படகெல்லாத்தையும் இறக்கி விட்டுட்டா. துடைப்பத்தை எடுத்துட்டு 'உருமாற்றச் செயலி'ன்னு போட்டா. தலைப்பு மட்டும் ரெண்டரை வரி. நடுவுல கொக்கியும் கோடுமா ஒரே கணக்கு. கடைசித் தேதி, கடைசி மணி நேரம், "அண்ணி, பாத்துட்டீங்களா, சரியா இருக்கா, அனுப்பிடட்டுமா?"ன்னு கேக்கறா. நான் கவுண்டர்ல நிக்கறேன், எதிர்ல ஸ்கூல் பசங்க அம்பது பேரு. "பாத்துட்டேன்மா, பிரமாதம்"ன்னுட்டேன்.

பாக்கல டாக்டர். இதை நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவ இன்னும் நான் படிச்சு உருகிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அவகிட்ட அப்புறம் போய்ப் படிக்கலைன்னு சொல்ல முடியுமா? அவ மூஞ்சியைத் தூக்கினா நாலு பண்டிகை தாண்டும்.

அவதான் ஃபோன்ல சொன்னா, "அண்ணி, ரெண்டாவது ஆளு ரொம்ப மோசம், ஓடுற ப்ரோகிராமைத் தொட்டிருக்க மாட்டாருன்னு எழுதியிருக்கான்"னு. எனக்கு அப்படியே சுருக்குனு ஏறிடுச்சு. மிச்சத்தைக் கேக்கவே இல்ல. முழுசா எழுதினதைக் காலையில வாத்தியார் ஒரு தாள்ல அச்சடிச்சுக் குடுத்தாரு. இதோ பையில மடிச்சே கெடக்கு. பேசறதுக்கு முன்னாடி படிச்சா ரத்தம் கொதிக்கும், கொதிச்சா பேச்சு கெடும். மேடையில நிக்கும்போது பிரிச்சு, அங்கயே நறுக்குனு பதில் குடுத்துக்கலாம்னு இருக்கேன்.

சிரிக்கறீங்க? உங்களுக்கு ஃபோன் எட்டு ஆயிடுச்சு, சிரிப்பீங்க.

இல்ல டாக்டர், நானும் ஆறு கட்டுரை படிச்சுக் கருத்து எழுதிக் குடுத்திருக்கேன், இதே ஒர்க்‌ஷாப்புக்கு! படிக்க ஆள் பத்தலைன்னு போன வருஷம் வந்தவங்களையெல்லாம் வாத்தியார் குழுவுல சேத்துட்டாரு. நான் யாரையாவது மனசு நோக எழுதியிருப்பேனா? ஒரு மனுஷன் ராத்திரி பகல் பாக்காம எழுதியிருக்கான், அவனும் நாலு பேரு மெச்சணும்னுதானே அனுப்பறான்? காட்டறேன் இருங்க. கருத்துன்னா எப்படி எழுதணும்னு பாருங்க. இந்தா, திறந்துடுச்சு. நாலாம் எண் கட்டுரை: "முயற்சி பாராட்டுக்குரியது. மூன்றாம் பக்கத்தில் உள்ள படம் தலைகீழாக அச்சாகியுள்ளது போலத் தெரிகிறது, சரிபார்க்கவும்." எவ்வளவு பதவிசு பாருங்க! அந்தப் படத்தைப் பாக்க நான் லேப்டாப்பையே கவுத்து வெச்சேன், ஆனா அதைச் சொல்லல. அடுத்தது ஏழாம் எண்: "ஆசிரியரின் உழைப்பு ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. வரிகளைக் கொஞ்சம் குறைத்தால் உழைப்பு இன்னும் நன்றாகத் தெரியும்." எப்படி! கத்தி இறங்கினதே தெரியாது. உங்க ஊசி மாதிரி.

இது பதினொண்ணு. இது கொஞ்சம் காரமா எழுதிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா அந்தாளுக்கு வேணும் டாக்டர். ஒரே கொக்கி, ஒரே கோடு. எதைப் பத்திப் பேசறான்னே தெரியல. என்னமோ ஓடாத பகுதியையெல்லாம் எடுத்துடலாமாம், அப்படி எடுத்தா ஆபத்தே இல்லைன்னு கணக்குப் போட்டு நிரூபிச்சிருக்கானாம். கேளுங்க: "இதுவரை ஓடவில்லை என்பதும் இனி ஓடாது என்பதும் ஒன்றல்ல. படகில் உள்ள மிதவைச் சட்டையை யாரும் இதுவரை அணிந்ததில்லை என்பதற்காக அதைக் கரையில் வீசிவிட்டுப் போக முடியுமா? இக்கட்டுரையை எழுதியவர், ஓடுகிற ஒரு ப்ரோகிராமை ஒரு நாளாவது கையால் தொட்டிருப்பாரா என்பது..."

...

ஏன் டாக்டர், எல்லாரும் ஒரே மாதிரிதான் திட்டுவோமோ? இந்த ஓடறது, தொடறதுங்கறது எங்க வேலையில பொதுவான திட்டுப் போல... இருக்கும்ல? நெறைய பேரு சொல்லுவாங்க... இல்லையா?

அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க. அது இல்ல, அந்தச் சின்னது. தாள் எங்க... இந்தா. நீங்களே பிரிங்க டாக்டர், எனக்குக் கை வரல. மேல என்ன போட்டிருக்கு? கட்டுரை எண்...? சத்தமாச் சொல்லுங்க. பதினொண்ணா. சரி. கீழ ரெண்டாவது ஆளுன்னு இருக்கற இடத்துல... மிதவைச் சட்டை இருக்கா?

இருக்கா.

ஐயோ! ஐயோ, ஐயோ டாக்டர்! சிரிக்காதீங்க, பாவி, நானே சிரிக்கறேன்... இருங்க, கண்ணுல தண்ணி வருது. நாலு மாசமா டாக்டர்! நாலு மாசமாக் குளிக்கும்போது, பஸ்ல போகும்போது, வெங்காயம் நறுக்கும்போது அந்த ரெண்டாவது ஆளை நிக்க வெச்சுக் கேட்டிருக்கேன்! எங்க வீட்டுக்காரரு, "யாரைம்மா திட்டறே, நானா?"ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டாரு! என் கட்டுரையை நானே படிச்சு, புரியலைன்னு நானே கிழிச்சு... நாத்தனாருக்குக் கணக்குல இவ்வளவு தெறமை இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே! பெத்த பிள்ளையே அடையாளம் தெரியாத மாதிரி சட்டை மாட்டி விட்டுட்டா!

இல்ல இருங்க, இது எப்படி நடக்கும்? தன் கட்டுரை தனக்கே வரக்கூடாதுல்ல? கட்டுரையைப் பங்கு போடறது வாத்தியாரோட ஒரு பழைய ப்ரோகிராம். யாரோ ஒரு மாணவன் எழுதி வெச்சுட்டுப் போனது. அதுல இதைப் பாக்கறதுக்குன்னு ஒரு பகுதி இருக்குமே. யாருக்கும் அவங்க எழுதினது போகாமத் தடுக்கற பகுதி. கண்டிப்பா இருந்துச்சு, நானே பாத்திருக்கேன், போன வருஷம் வாத்தியார் டீ குடிக்கும்போது அந்த ப்ரோகிராமை எங்கிட்டக் காட்டி...

காட்டி...

நான்தான் பெருக்கினேன் டாக்டர்.

போன வருஷம், இதே தாழ்வாரம். துடைப்பத்தோட பெருமையைப் பேசிட்டிருந்தேன். "அப்படியா, இதைப் பெருக்குங்க பாப்போம்"னாரு வாத்தியார். பத்து வருஷப் பதிவு குடுத்தாரு. நாலாயிரம் வரி ஆயிரத்தெண்ணூறு ஆச்சு, சுத்தி நின்னவங்க கை தட்டினாங்க. அன்னையிலேருந்து வாத்தியார் அந்தப் பெருக்கினதைத்தான் ஓட்டறாரு. அந்தப் பகுதி பத்து வருஷமா ஓடியிருக்காது. எப்படி ஓடும்? குழுவுல இருக்கறவங்க கட்டுரை அனுப்பக்கூடாதுன்னு அப்ப ஒரு சட்டம் இருந்துச்சு. இந்த வருஷம் கட்டுரை கம்மியா வருதுன்னு வாத்தியார் அந்தச் சட்டத்தைத் தூக்கிட்டாரு. மொத தடவையா அந்தப் பகுதிக்கு வேலை வந்திருக்கு. வந்து பாத்தா அது இல்ல. துடைப்பம் எடுத்துட்டுப் போயிடுச்சு.

அது என்னைக் கேக்காமலும் எடுக்கல, அதையும் சொல்லிடணும். "இருநூத்திப் பன்னிரண்டு பகுதிகளை நீக்கப்போறேன், ஒவ்வொண்ணாப் பாக்கறீங்களா, எல்லாத்துக்கும் சரியா?"ன்னு கேட்டுச்சு. கை தட்டறாங்க, டீ ஆறுது. எல்லாத்துக்கும் சரின்னு அமுக்கிட்டேன். எங்க வீட்டுலயும் நான் இப்படித்தான் டாக்டர். ஒம்பது வருஷமா டிராயர்ல ஒரு மாத்துச் சாவி கெடந்துச்சு. தொட்டதே இல்லைன்னு தூக்கிப் போட்டேன். அடுத்த மாசம் ரெண்டு பேரும் வாசப்படியில உக்காந்து பூட்டு உடைக்கறவருக்காகக் காத்துக்கிட்டிருந்தோம். அப்பவும் எனக்கு உறைக்கல பாருங்க.

அப்ப அந்த ரெண்டாவது ஆளு கேட்ட கேள்வி... சரிதானே? இதுவரை ஓடலைங்கறதும் இனிமே ஓடாதுங்கறதும் ஒண்ணில்ல. நான்தான் கேட்டிருக்கேன், அதுக்கு எங்கிட்டயே பதில் இல்ல. கணக்குப் போட்டு மூணு பேருக்குக் காட்டினோம், ரெண்டு பேரு ஏமாந்துட்டாங்க...

டாக்டர், ஒரு நிமிஷம். படகு ப்ரோகிராம்ல துடைப்பம் எடுத்த பட்டியல் இதுல இருக்கு. இந்தா. ஆயிரத்து நூறு பகுதி. நான் இதையும் பாக்கல, பெருமையா நீளத்தை மட்டும் பாத்தேன். மூணாவது துறை... அது மூடிப் பல வருஷம் ஆச்சு, சரி. பழைய டிக்கெட் மிஷின், சரி, குப்பைதான். பெரும்புயல்...

பெரும்புயல் நிறுத்தம். முப்பத்தொண்ணாவதா இருக்கு.

புயல் எச்சரிக்கை வந்தா எல்லாப் படகையும் ஒரே நேரத்துல கரையில நிறுத்தற பகுதி டாக்டர். பன்னிரண்டு வருஷமா புயல் வரல. ஓடல. ஓடலைன்னு எடுத்துருச்சு. திங்கக்கிழமை இதைத்தான் போட இருந்தாங்க. ஒரு பயணத்துக்கு முன்னூறு பேரு ஏறுவாங்க.

...ஒண்ணுமில்ல, கொஞ்சம் தண்ணி குடுங்க. போதும்.

மேனேஜருக்கு மொதல்ல சொல்லிடறேன். "திங்கக்கிழமை வேண்டாம் சார். பெருக்கினதுல தப்பு இருக்கு. நேர்ல சொல்றேன்." போட்டாச்சு. போயிடுச்சு. ...உடனே பதில் போடறாரு பாருங்க. "யார் கண்டுபிடிச்சது?"ன்னு கேக்கறாரு. என்ன டாக்டர் போடறது? "கட்டுரையைப் படிச்ச ஒரு அம்மா"ன்னு போடறேன். பொய்யில்லையே? ..."கெட்டிக்காரங்க"ன்னு போட்டிருக்காரு! பதினேழு வருஷத்துல அந்த மனுஷன் வாயிலேருந்து வராத வார்த்தை டாக்டர்! எவளோ ஒருத்தின்னு நெனச்சு வந்திருக்கு!

மணி கேட்டுச்சா? எனக்கு முன்னாடி பேசறவருக்குப் பதினாலாவது நிமிஷம். போகணும். உங்க ஃபோன் பாருங்க, முப்பதாயிடுச்சு, எப்பவோ எழுந்து போயிருக்கலாம் நீங்க. உக்காந்திருந்தீங்க பாருங்க, நல்ல மனசு. பல்லைப் பிடுங்கும்போதும் இப்படித்தான் பொறுமையாக் கேப்பீங்கன்னு நெனக்கறேன்.

என்ன பேசப்போறேனா? வெச்சிருக்கற படத்தையெல்லாம் போடப்போறதில்ல. 'முற்றிலும் பாதுகாப்பானது'ன்னு சிவப்பு எழுத்துல ஒண்ணு இருக்கு, அதை மொதல்ல அழிக்கணும். துடைப்பத்தைத் தூக்கிப் போடமாட்டேன், அது நல்ல பொருள்தான். ஆனா இனிமே அது எதையும் வெளிய வீசக்கூடாது. ஓரமா ஒதுக்கி வைக்கணும். வேலை வந்தா எழுந்து வந்து செய்யணும். ஒவ்வொண்ணுக்கும் ஆளைக் கேக்கணும். எல்லாத்துக்கும் சரிங்கற அந்தப் பொத்தானை மட்டும் நான் பெருக்கிடறேன். இதுக்கு மேல புத்தகத்துல போட்டாப் போடட்டும், போடாட்டிப் போகட்டும். நாத்தனார்கிட்ட மட்டும் என்ன சொல்றதுன்னு யோசிக்கணும். அவ கணக்கைக் கிழிச்சது அண்ணியேன்னு தெரிஞ்சா... அது வீட்டுக்குப் போய்.

வர்றேன் டாக்டர். வாத்தியார் மைக்கைக் குடுத்துட்டுக் கேப்பாரு, "ரெண்டாவது ஆளுக்கு என்ன பதில் சொல்றீங்க?"ன்னு. அந்தம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரின்னு சொல்லப்போறேன். "அம்மாவா? அது யாருன்னே நாங்க சொல்லலையே, உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேப்பாரு பாருங்க, அங்கேருந்துதான் டாக்டர் என் பதினஞ்சு நிமிஷம் ஆரம்பிக்குது.